சமையல்கட்டுக்கு வராத சொல்

கேன்சர் என்று என் வீட்டுக்காரருக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஹார்பரில் கப்பலின் மேல் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. மேல்தட்டிலிருந்து அவர் கூப்பிட்டால், நடுவில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தாலும் கீழே நிற்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள். நான் கப்பலுக்குப் போனதில்லை. ஆனால் ராயபுரத்தில் எங்கள் சந்துமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டே அவர் யாரிடமாவது பேசினால், அது எங்கள் சமையல்கட்டுவரை வந்துவிடும். அதைக் கேட்டதும் தட்டைக் கழுவி வைப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் அவருடையதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் ஒரு ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான், மேலே மறைக்க ஒரு வெள்ளைத் துணி. நடந்தார், மெதுவாகச் சாப்பிட்டார், ஆட்கள் வந்தால் சைகையில் கிண்டல்கூடச் செய்தார். பேச்சு மட்டும் இல்லை. கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ரேடியேஷன் என்று கரண்ட் வைத்ததில் அவருக்குக் கழுத்துத் தோல் கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. எங்கே வைத்து அழுத்தினாலும் வண்டு ரீங்கரிக்கிற சத்தம்தான் வந்ததே தவிர, வார்த்தை வரவில்லை. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அதைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டார்.

போனில் அடித்துக் காட்டலாம்தான். ஆனால் அவருடைய விரல்கள் இரும்புக் கம்பியோடு இருந்து இருந்து தடித்துப்போனவை. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். எரிச்சலில் போனைத் தூக்கிக் கட்டில் மேல் போடுவார்.

நான் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை செய்கிறேன். கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர்களை டைப் செய்வது என் வேலை. ஆபீசில் புது லேப்டாப்கள் வாங்கியபோது பழசில் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அதில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தாள். தமிழில் டைப் செய்து என்டரைத் தட்டினால் அது வாசிக்கும். அதில் இருந்தது ஒரே ஒரு குரல், நியூஸ் வாசிக்கிற பெண்ணுடைய குரல் மாதிரி.

முதல் நாள் அவர் ஒற்றை விரலால் தட்டித்தட்டி அடித்தது இன்னும் நினைவிருக்கிறது: "இன்னாமே, துன்னியா?" அந்தப் பெண் அதை அவ்வளவு மரியாதையாக, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி வாசித்தாள். சாப்பிட்டாயா என்று இருபது வருஷத்துக்கு மேல் தினமும் அவர் கேட்ட கேள்வியை வேறொருத்தி கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், கழுத்து ஓட்டையிலிருந்து புஸ்புஸ்ஸென்று காற்று வரும்.

லேப்டாப்பில் இருந்த ஸ்பீக்கர் பாதி செத்துப்போனது. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்ரூமில் அவர் கட்டில், நடுவில் ஒரு அறை, கடைசியில் சமையல்கட்டு. வாசலுக்கு வெளியே ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் நாளெல்லாம் வரிசையில் உறுமிக்கொண்டு நிற்கும். அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும், அவருடைய ஆட்கள் சேர்ந்து பந்து மாதிரி ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சமையல்கட்டில் ஜன்னல் ஆணியில் அதை மாட்டினோம்.

"மேஸ்திரி, நீ பாட்டுக்கு இங்க குந்திக்கினு அடி. அங்க அண்ணிக்கு கணீர்னு கேக்கும்" என்றான் ஒருவன்.

கேட்டது. கொஞ்ச நாள் ஒழுங்காகவே கேட்டது. காலையில் நான் ஆபீஸ் போய்விட்டு மதியம் வந்துவிடுவேன். வந்ததிலிருந்து அந்தப் பெண் குரலில் அவர் என்னிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் லேப்டாப் தானாகவே அப்டேட் ஆனது. அதற்கப்புறம்தான் அவருடைய பேச்சு மாறியது.

"தண்ணி குடு."

"ஃபேனப் போடு."

"கதவச் சாத்து."

அவ்வளவுதான். இவர் எப்போதும் "இன்னாமே", "ஏமே" என்று ஆரம்பிக்காமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசினவர் இல்லை. கோபமாக இருந்தாலும் முதலில் அதுதான் வரும். இப்போது வெறும் உத்தரவு. நோயாளி, எரிச்சல் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். முன்ரூமுக்குப் போகிற தடவைகள் குறைந்தன. வேலை இல்லாவிட்டாலும் சமையல்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மதியம் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து "சீக்கிரம் வா" என்றது. கையில் மாவோடு விடுவிடுவென்று முன்ரூமுக்குப் போனேன்.

"யோவ், நான் இன்னா வேலக்காரியா? அதக் குடு, இதப் போடு, சீக்கிரம் வா! ஒரு வார்த்த கூப்புட்டா இன்னா, கொறஞ்சா பூடுவே?"

அவர் திகைத்துப்போனார். அவசரமாகத் தட்டினார். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். "ஏமே இன்னா கோவம் நான் இன்னா சொன்னேன்" என்று அடித்து என்டரைத் தட்டினார். அந்த நேரம் வெளியே டிரெய்லர் எதுவும் நகரவில்லை. சமையல்கட்டிலிருந்து சன்னமாகக் கேட்டது: "கோவம் நான் இன்னா சொன்னேன்."

"திரும்ப அடி" என்றேன்.

அதேதான். முதல் ஒன்றிரண்டு சொற்களை ஸ்பீக்கர் முழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் சொன்னது. ரூமுக்கு வந்தாலும் நான் திரையைப் பார்க்காமலே திரும்பிவிடுவேன், அதனால் எனக்குத் தெரியவில்லை. அவருக்கோ, வெளியே வண்டிச் சத்தத்தில் பின்கட்டு ஸ்பீக்கரே கேட்காது. இத்தனை நாளும் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் மாவுக்கையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் லுங்கியிலேயே மாவைத் துடைத்துவிட்டார்.

சனிக்கிழமை லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் பையில் போட்டுக்கொண்டு வண்ணாரப்பேட்டை போனேன். நைட்டி மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவில் ஒரு பாய் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆபீசுக்கும் அவர்தான் பார்ப்பார். என்ன ஆகிறது என்று சொன்னேன். அவர் ஸ்பீக்கரைக் காதருகில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வரி அடித்துப் பார்த்தார்.

"அக்கா, ஸ்பீக்கர் மேல தப்பு இல்ல" என்றார். "சத்தம் இல்லேன்னா ப்ளூடூத் தூங்கிடுது. நீங்க பேச ஆரம்பிச்ச பிறவு முழிக்கிறதுக்குள்ள முதல் வார்த்த போயிடுது. பாட்டு கேக்கறவங்களுக்கு இது தெரியாது. உங்களுக்கு வார்த்தை வார்த்தையா வேணும், அதான் தெரியுது."

"சரி பண்ண முடியுமா, பாய்?"

"அப்டேட்ல வந்த டிரைவர் இது, ப்ளூடூத்த ஓட்டற புரோகிராம். இத எடுத்துட்டு வேற ஒருத்தன் எழுதின டிரைவர் இருக்கு, அதப் போடலாம். அதுல தூங்காம வைக்கறதுக்கு வழி இருக்கு. வுட்டுட்டுப் போங்க, திங்கக்கிழம தர்றேன்."

"வுட்டுட்டுப் போக முடியாது. எங்க வூட்டுக்காரரு இதுலதான் பேசறாரு."

பாய் நிமிர்ந்து பார்த்தார். பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு, கையிலிருந்த இன்னொரு வேலையை ஓரமாக வைத்தார். முதலில் ஸ்பீக்கரோடு இருந்த தொடர்பை எடுத்தார். பழைய டிரைவரை நீக்கினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். அது திரும்பி வந்தபோது ப்ளூடூத் என்கிற அடையாளமே திரையில் இல்லை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"புதுசு புடிக்கலேன்னா?"

"புடிக்கும்கா. டீ சாப்புடுங்க."

புது டிரைவரை ஏற்றி, மறுபடி அணைத்துப் போட்டு, ஸ்பீக்கரைச் சேர்த்தார். பிறகு "சலாம்" என்று ஒரே ஒரு சொல்லை அடித்தார். "சலாம்" என்றாள் அந்தப் பெண், முழுசாக.

"முன்ன இத அடிச்சிருந்தா மொத்தமா முழுங்கியிருக்கும்" என்றார் பாய். "ஒத்த வார்த்தைன்னா ஒண்ணுமே வந்திருக்காது. அடுத்த தபா அப்டேட்டு கேட்டுச்சின்னா போடாதீங்க, என்னாண்ட எடுத்துக்கினு வாங்க." டிரைவரை ஒரு பென் டிரைவில் போட்டும் கொடுத்தார்.

அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. நான் அதை யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரை ஆணியில் மாட்டிவிட்டு, "இப்ப அடிய்யா" என்று கத்தினேன். "இன்னாமே, வெயில்ல போய்க்கினு வந்தியே, தண்ணி குடிச்சியா?" என்று முழு வாக்கியமும் வந்தது. சமையல்கட்டில் நின்று கையைத் தட்டினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த அவருடைய ஆட்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஆளுக்கொரு கெட்டவார்த்தை அடித்து, அந்த நியூஸ்காரி வாயால் சொல்லவைத்தார். வீடு கலகலவென்று இருந்தது.

திங்கள்கிழமை மதியம் ஆபீசிலிருந்து வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுச் சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குது" என்றது ஜன்னல்.

கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் வந்து நின்றதைப் பார்த்து அவர் முகம் வெளிறியது. திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார்.

"இன்னாய்யா, எங்க வலி?"

தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை, போ என்று கையைக் காட்டினார். முகத்துக்கு நேராகக் கேட்டால் அவர் எப்போதும் அதைத்தான் செய்வார். கம்பி விழுந்து கால்விரல் நசுங்கி வந்த நாளிலும் இதே கைதான், இதே போ. நான் திரும்பி வந்தேன். கீரையைக் கையில் எடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "வலிக்குது."

இந்தத் தடவை நான் போகவில்லை. அப்படியே நின்றேன். வெளியே ஒரு டிரெய்லர் பிரேக் போட்டது. "அம்மா" என்றது ஸ்பீக்கர். பிறகு, "தாங்கல". பிறகு மறுபடி, "வலிக்குது". அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாசித்தாள், நாளைக்கு மழை பெய்யும் என்று சொல்வதைப் போல.

குரல் இருக்கிறவன் வலித்தால் முனகுவான். பக்கத்து அறையில் இருக்கிறவளுக்கு அது கேட்கும். இவர் முனகலையும் ஒற்றை விரலால் டைப் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சொல், ஒரு என்டர். பாய் கடையில் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. ஒற்றை வார்த்தை என்றால் ஒன்றுமே வந்திருக்காது.

போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேப்டாப்பை மூட விடாமல் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்துய்யா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அடித்தார். நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். "உனக்குத் தெரியாதா. கிறிஸ்மஸ்லேர்ந்து சொல்லிக்கினுதானே கீறேன்."

அப்போது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தொடர்ந்து அடித்தார். "நீ வந்து கேட்டா சொல்ல வரல. நீ உள்ள கீறப்போ சொன்னா ஈஸியாகீது. நீ இன்னா பண்ணுவே பாவம். நீ கேட்டுக்கினு கம்முனு கீறேன்னு நெனச்சேன். நீ கேக்கறேன்றதே எனுக்குத் தெம்பாருந்துச்சி."

நான் கேட்கவே இல்லை. இத்தனை மாதமும் பின்கட்டில் உட்கார்ந்து, இவர் ஏன் இப்படி அதிகாரம் பண்ணுகிறார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியும்யா" என்றேன். "கேட்டுக்கினுதான் இருந்தேன். எப்பலேர்ந்துன்றது மட்டும் மறந்து பூட்ச்சி."

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் முதல் சொல்லை முழுங்கியது அவருக்கும் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாத ஆளில்லை. "சரி" என்று மட்டும் அடித்தார். என் கையை எடுத்துத் தன் கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கீழே வைத்தார். அங்கே புளியங்கொட்டை மாதிரி ஒன்று கெட்டியாக உருண்டது.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். திரும்பி வந்திருக்கிறது, நெஞ்சுக்கும் இறங்கியிருக்கிறது என்றார்கள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் டாக்டரிடம் திரும்பிப் போனேன்.

"கிறிஸ்மஸ் சமயத்துலயே கூட்டிக்கினு வந்திருந்தா?"

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொய் சொல்லவும் இல்லை, என்னை நோகடிக்கவும் இல்லை. "அத இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா வலிக்கு மருந்து அப்பவே குடுத்திருக்கலாம். இனிமே வலிக்காம பாத்துக்கலாம், அது முடியும்" என்றார்.

அது முடிந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்தேன். ஆபீசில் லீவு சொன்னேன். அடுப்பு மட்டும்தான் பின்கட்டில். அரிவாள்மனை, காய்கறிக் கூடை, முறம் எல்லாம் முன்ரூமுக்கு வந்துவிட்டன. ஸ்பீக்கரையும் கழற்றிக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் வைத்தேன்.

வலி அடங்கியதும் அவர் நிறையப் பேசினார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கப்பலின் உச்சியில் கன்டெய்னர் மேல் ஏறி நின்றால் காத்திவாக்கம் வரை கரை தெரியும் என்றார். விடிகாலையில் கட்டுமரங்கள் வரிசையாகப் போவதைப் பார்ப்பதற்காகவே நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வாராம். கல்யாணமான புதிதில் எனக்கு வாங்கிய மஞ்சள் புடவை அவருக்கே பிடிக்காதாம். கடைக்காரன் பேச்சில் ஏமாந்து வாங்கினாராம். நான் அதை நல்ல நாளுக்கெல்லாம் கட்டினதைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போயிற்றாம். "யோவ், எனுக்கும் புடிக்காதுய்யா, உனுக்காகத்தான் கட்னேன்" என்றேன். அவர் தோள் குலுங்கியது.

ஒருநாள் கேட்டார், "பயமாகீதாமே?"

"ஆமாய்யா."

"எனுக்கும்" என்று அடித்தார்.

நான் வெங்காயம் உரித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் கழிந்து கொஞ்ச நாளில் விரல் தளர்ந்தது. ஒரு எழுத்து விடும், ஒரு எழுத்து இரண்டு தடவை விழும். அந்தப் பெண் அதையும் அடித்தபடியே வாசிப்பாள். அர்த்தமில்லாத சத்தமாக வரும். கேட்டுவிட்டு அவர் முகம் சுளிப்பார். ஒருநாள் அவரே லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் என் உள்ளங்கையில் விரலால் தட்டுவதுதான். ஒரு தட்டு தண்ணி, இரண்டு தட்டு திருப்பிப் படுக்க வை. சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றும் வேண்டாம், இங்கேயே இரு.

ஒரு காலைவேளையில், வெயில் வாசற்படிக்கு வரும் முன்னால், தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அவருடைய ஆட்கள் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து தூக்கினார்கள். காசிமேட்டுக் கல்லறையில் வைத்தோம். குழியில் இறக்கும்போது கயிற்றைப் பிடித்தவர்களில் ஒருவன் பழக்கத்தில், அவர் கப்பலில் சொல்வாராம், அதைப் போலவே, "மெல்ல, மெல்ல, வுடு" என்று குரல் கொடுத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆடி மாதம் பேச்சுப் பயிற்சிப் பெண் போன் செய்தாள். காத்திவாக்கத்தில் ஒருவருக்கு இதே ஆபரேஷனாம். கடலுக்குப் போனவர். அவர் ஸ்பீக்கரிலும் முதல் வார்த்தை வருவதில்லையாம். "அக்கா, உங்க பாய் போட்ட டிரைவர் இருக்கா? நீங்க வர முடியுமா? கஷ்டமா இருந்தா வேணாம்" என்றாள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு போனேன்.

கழிமுகத்தை ஒட்டி ஒற்றை அறை வீடு. அவர் வலை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அதே ஓட்டை, மேலே அதே வெள்ளைத் துணி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலையைப் பார்த்தேன். பாய் செய்ததைப் போலவே செய்தேன். தொடர்பை எடு, பழசை நீக்கு, அணைத்துப் போடு, புதுசை ஏற்று, மறுபடி அணைத்துப் போடு, சேர். இரண்டு தடவை புதுசு பிடிக்காமல் போனது. மூன்றாவது தடவை பிடித்தது.

"ஒரே ஒரு வார்த்தை அடிங்கண்ணா" என்றேன்.

அவர் ரொம்ப யோசித்து "சோறு" என்று அடித்தார். முழுசாக வந்தது. அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பாரு, குரலு வந்ததும் கேக்கறதப் பாரு" என்றாள்.

கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னேன். "வலிக்குதான்னு அவர எதுர்ல நின்னு கேக்காத. சொல்ல மாட்டாங்க. முதுகக் காட்டிக்கினு உக்காந்துக்கினு கேளு." அவளுக்கு முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள். உள்ளே போய் ஒரு தூக்கில் இறால் தொக்கு போட்டுக்கொண்டு வந்து, வேண்டாம் என்றாலும் விடாமல் கையில் திணித்தாள்.

பஸ்ஸில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சோறு வடித்து, முன்ரூமில் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தட்டில் போட்டுக்கொண்டேன். அவருக்காகக் காரமில்லாமல் சமைத்து, நானும் அதையே தின்று பழகியிருந்தேன். முதல் வாய்க்கே நாக்கு எரிந்தது. தண்ணி குடித்துக் குடித்து எல்லாவற்றையும் தின்று முடித்தேன். பிறகு தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், அடுத்த வாரம் போகும்போது திருப்பிக் கொடுக்க.